கோல் விழுந்ததும் யாரைப் பார்க்கிறோம்? கால்பந்தில் வீடியோ மறுஆய்வு இனி எப்படி இருக்க வேண்டும்

நடுக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. இதை ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி விழுந்து, எகிறி வெளியே வந்தது. மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, முடிவு சொல்ல வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அன்றைக்கே நான் கேமரா பக்கம் சாய்ந்துவிட்டேன். 2018 மார்ச்சில் விஏஆர் (தனி அறையில் காட்சிகளைப் பார்த்து ரெஃப்ரியின் காதுக் கருவியில் சொல்லும் வீடியோ உதவி நடுவர் முறை) ஆட்ட விதிகளுக்குள் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டவன் நான்.

இன்றைக்கு என் நிலைமை வேறு. கோல் விழுந்ததும் என் கண் போவது அடித்தவரிடம் இல்லை, ரெஃப்ரியின் காதுக்கு. அவர் விரல் காதுக்குப் போகிறதா என்று பார்க்கிறேன். போகவில்லை என்று உறுதியானபிறகு கொஞ்சம் கத்துகிறேன். அதற்குள் அந்த நொடி கடந்துவிடுகிறது. 2019 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் 90 நிமிடம் முடிந்தபின் வந்த இழப்பு நேரத்தில் ஸ்டெர்லிங் அடித்ததும் மான்செஸ்டர் சிட்டி அரங்கமே எழுந்து குதித்தது. பந்து தட்டப்பட்ட கணத்தில் அகுவேரோ எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றார், அதாவது ஆஃப்சைடு, என்று அது ரத்தானது. முடிவு சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு முழு மனதோடு ஒரு கோலைக் கொண்டாட என்னால் முடியவில்லை.

தூக்கி எறி என்று சொல்ல வரவில்லை. இப்போது இருக்கிற மாதிரியே இன்னும் 10 வருடம் ஓடினால் என்னவாகும் என்ற கவலை. இதை எந்தப் பக்கம் கொண்டுபோகலாம்? உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

பத்தாம்நம்பர்

தூக்கி எறியலாம் என்று நான் சொல்கிறேன் அண்ணா.

ஸ்வீடன் இதைக் கொண்டுவரவே இல்லை. அங்கே கிளப்களில் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் கையில் இருக்கிறது, அவர்கள் வேண்டாம் என்று நின்றார்கள். 2024-ல் அந்நாட்டு சங்கமும் இல்லை என்று சொல்லிவிட்டது. அங்கே லீக் நின்றுபோகவில்லை. நார்வேயில் ரசிகர்கள் மைதானத்துக்குள் மீன் கேக்கை வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். கிளப்கள் வாக்கெடுத்தபோது 19-க்கு 13 என்று நீக்கச் சொல்லித்தான் முடிவு வந்தது.

தப்பு நடக்கட்டும். ஃபார்வர்ட் ஆளில்லாத கோலை விடுகிறார், கீப்பர் கைநழுவ விடுகிறார், அதெல்லாம் ஆட்டம் என்று ஏற்கிறோம். ரெஃப்ரி தப்பை மட்டும் ஏன் ஏற்கக் கூடாது?

விசில்

தம்பி, நார்வே கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கிளப்களின் அந்த வாக்கு ஒரு பரிந்துரைதான். 2025 மார்ச்சில் சங்கத்தின் பொதுக்கூட்டம் விஏஆர் இருக்கட்டும் என்று பெரிய வித்தியாசத்தில் முடிவெடுத்தது. இங்கிலாந்திலும் வுல்வ்ஸ் 2024-ல் நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தது. 20 கிளப்களில் 19 எதிராக வாக்களித்தன. ஒரு நாட்டில் ஏற்கெனவே இருப்பதை எடுப்பது, வராமல் தடுப்பதைவிட ரொம்பக் கடினம்.

நான் கீழ்மட்ட ஆட்டங்களில் 11 வருடமாக விசில் ஊதுகிறேன். எங்களுக்குக் கேமராவும் இல்லை, காதில் யாரும் பேசுவதும் இல்லை. ஒரு அரையிறுதியில் பெனால்டி பெட்டிக்குள் நடந்த ஃபவுலை நான் பார்க்கவில்லை. இரண்டு பேர் குறுக்கே ஓடினார்கள், அவ்வளவுதான். மாலையில் யாரோ போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். தெளிவான பெனால்டி. தோற்ற அணியில் பாதிப் பேருக்கு அது கடைசி வருடம். அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. “ரெஃப்ரி தப்பும் ஆட்டத்தின் பகுதி” என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையன்கள் முகம்தான் வருகிறது. கீப்பர் தப்பு செய்தால் அது அவருடைய அணிக்கு. நான் செய்தால் அது என்னுடையது இல்லை, அவர்கள் தலையில் விழுகிறது.

பழைய ரசிகர்

விசில் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1986-ல் மரடோனா கையால் தட்டிய கோலை நான் டிவியில் பார்த்தேன். பிறகு பல வருடம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தேன். 2009 நவம்பரில் பாரிஸில் பிரான்ஸின் ஆன்ரி கையால் பந்தை நிறுத்தி, கல்லாஸ் தலையால் போட்டு, அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போகாமல் நின்றதைப் பார்த்தபின் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பழைய தவறுகளை அழகான கதையாகச் சொல்பவர் பெரும்பாலும் ஜெயித்த பக்கத்து ஆள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நான் அர்ஜென்டினா ரசிகன்.

கோட்டோரம்

எனக்குக் கேமரா, படம் எடுக்கும் வேகம் சம்பந்தப்பட்ட வேலை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பிறகு விவாதம் கொஞ்சம் தெளியும்.

ஒளிபரப்புக் கேமரா விநாடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே 0.02 விநாடி. முழு வேகத்தில் ஓடும் ஃபார்வர்ட் விநாடிக்கு கிட்டத்தட்ட 10 மீட்டர் போவார். அந்த இடைவெளியில் அவர் 20 செ.மீ. நகர்ந்திருப்பார். டிஃபெண்டர் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் இருவருக்கும் இடையிலான மாற்றம் இன்னும் கூடும். பந்தைக் கால் தொட்ட கணம் இந்தப் படமா அடுத்த படமா என்பதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பிறகு அக்குளிலிருந்து கோடு போட்டு, 3 செ.மீ. ஆஃப்சைடு என்று சொன்னால் அது அளவு இல்லை. அளவு மாதிரி தோற்றம் தருகிற ஊகம். நம்மை எரிச்சலாக்கியது இதுதான் என்று நினைக்கிறேன்.

2022 கத்தார் உலகக் கோப்பையில் இது மாறியது. கூரைக்குக் கீழே 12 கேமரா, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளி, விநாடிக்கு 50 முறை. பந்துக்குள் ஒரு சென்சார், விநாடிக்கு 500 முறை. பந்தைத் தொட்ட கணம் 0.002 விநாடி துல்லியத்தில் கிடைக்கிறது. 20 செ.மீ. இருந்த குழப்பம் 2 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. (உடம்புப் புள்ளிகள் இன்னும் 50 முறைதான், நடுவில் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். ஆகவே முழுத் துல்லியம் என்று யாரும் சொல்லக் கூடாது.) தொடக்க ஆட்டத்திலேயே 3-ஆவது நிமிடத்தில் எக்குவடோரின் வலென்சியா அடித்தது இப்படித்தான் ரத்தானது. பிரீமியர் லீக் இதை 2025 ஏப்ரலில்தான் எடுத்துக்கொண்டது.

பத்தாம்நம்பர்

கோட்டோரம் அண்ணா, கணக்கு புரிகிறது. ஆனால் யூரோ 2024-ல் டென்மார்க்குக்கு நடந்ததைப் பாருங்கள். டெலானியின் கால்விரல் நுனி ஆஃப்சைடு என்று ஆண்டர்சன் அடித்த கோல் போனது. சில நிமிடத்தில் மறுபக்கம் அதே ஆண்டர்சன் கையில் பந்து உரசியது என்று ஜெர்மனிக்குப் பெனால்டி. சென்சார் கோடு துடிப்பதை டிவியில் காட்டினார்கள். இரண்டும் விதிப்படி சரி என்பார்கள். ஆனால் ஆஃப்சைடு விதி வந்தது கால்விரலைப் பிடிக்கவா? கோல் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பவனைத் தடுக்க வந்தது அது.

கோட்டோரம்

அந்த ஆட்டத்தை நீங்கள் எடுத்தது நல்லது. நான் சொல்ல நினைத்தது முழுக்க அதற்குள் இருக்கிறது.

பந்து கையில் பட்டதா என்பதை சென்சார் சொல்லும். அந்தக் கை அங்கே இருந்தது ஓடும்போது இயல்பாக வந்ததா, உடம்பைப் பெரிதாக்கிக் காட்டியதா என்பதை எந்தச் சென்சாரும் சொல்லாது. முதல் கேள்விக்கு எந்திரம் போதும், மனிதர் தலையிடவே வேண்டாம். இரண்டாவது மனிதர் தீர்ப்பு. சென்சார் துடிப்பைக் காட்டி இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்ட மாதிரி நம்ப வைத்ததுதான் தவறு. ரெஃப்ரி மானிட்டருக்குப் போகும்போது அவர் மனதிலும் அந்த நம்பிக்கை ஏறிவிடுகிறது.

விசில்

இதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் விதி என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. விஏஆர் நாலு விஷயத்துக்காகத்தான் தொடங்கியது: கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறிக் கொடுத்த அட்டை. அதிலும் தெளிவான, வெளிப்படையான தவறு என்றால் மட்டும். ஸ்லோ மோஷனைப் பந்து எங்கே பட்டது, கால் எங்கே பட்டது மாதிரி விஷயங்களுக்குத்தான் பயன்படுத்த வேண்டும். எவ்வளவு வேகமாக மோதினார், கை வேண்டுமென்றே போனதா என்பதை இயல்பான வேகத்தில் பார்க்கச் சொல்கிறது நெறிமுறை. ஸ்லோ மோஷனில் எந்த டேக்கிளும் கொலைக் குற்றம் மாதிரி தெரியும். நீங்களே ஒரு சாதாரண டேக்கிளைப் போனில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை: லைன்ஸ்மேன் கொடி. விஏஆர் வந்தபின், ஆஃப்சைடு என்று தோன்றினாலும் கொடியைத் தூக்காமல் காத்திருக்கச் சொல்கிறார்கள், கோல் விழுந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தச் சில விநாடியில் ஆட்டம் ஓடுகிறது, ஆட்கள் மோதுகிறார்கள். 2025 மே மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் அவோனியி அப்படி ஓடிய ஓட்டத்தில்தான் கம்பத்தில் மோதி வயிற்றில் பலத்த காயம் அடைந்தார். அறுவை சிகிச்சை, செயற்கை மயக்கம் என்று போனது. அந்த நகர்வில் ஆஃப்சைடு இருந்தது, கொடி தாமதித்தது. நான் கோட்டில் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டேன். கொடியைப் பிடித்த கை எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோட்டோரம்

அதற்குத் தீர்வு வந்துகொண்டிருக்கிறது விசில். 2025 கிளப் உலகக் கோப்பையில், 10 செ.மீ.க்கு மேல் ஆஃப்சைடில் இருந்தவர் பந்தைத் தொட்டதுமே லைன்ஸ்மேன் காதில் ஒலி போகும்படி செய்தார்கள். அவர் உடனே கொடி தூக்கலாம். எதிர்காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருப்பது இதில்தான். கோடு போடுவது, நிறுத்துவது, காத்திருப்பது எல்லாம் இல்லாமல் கொடி தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.

மைதானத்தோரம்

நான் பெண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளர். படித்துக்கொண்டே வருகிறேன், ஒன்று நெருடுகிறது. 12 கேமரா, பந்துக்குள் சென்சார் என்று பேசுகிறீர்கள். உலகத்தில் நடக்கும் கால்பந்தில் அது எத்தனை ஆட்டம்? எங்களுக்கு ஒரு கேமரா வந்தாலே பெரிய விஷயம்.

அதனால் எனக்கு விஏஆரைவிட ஃபுட்பால் வீடியோ சப்போர்ட் என்று ஃபிஃபா சோதிக்கும் முறையில்தான் ஆர்வம். 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பார்த்தேன். தனி அறை கிடையாது, அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற ஆளும் கிடையாது. கோச்சுக்கு ஆட்டத்துக்கு 2 வாய்ப்பு. சந்தேகம் வந்தால் விரலைச் சுழற்றிக் காட்டி, நாலாவது அதிகாரியிடம் அட்டையைக் கொடுக்க வேண்டும். ரெஃப்ரி தானே மானிட்டரில் பார்த்து முடிவு சொல்வார். நீங்கள் சொன்னது சரியானால் வாய்ப்பு கையிலேயே இருக்கும், தவறானால் போய்விடும். இத்தாலியின் மூன்றாம் பிரிவான சீரி சி-யும் இதை எடுத்திருக்கிறது.

கேட்டவருக்கு மட்டும் மறுஆய்வு. கேட்காத கோலைக் கொண்டாடலாம். நடுக்கோடு, உங்கள் பிரச்சினைக்கும் இதில் பாதி மருந்து இருக்கிறது.

பழைய ரசிகர்

கிரிக்கெட்டில் டிஆர்எஸ் மாதிரி. 2008-ல் இலங்கையில் முதலில் சோதித்தபோது இந்திய அணி முகம் சுளித்தது, பல வருடம் வேண்டாம் என்றது. 2016-ல்தான் ஏற்றுக்கொண்டது. இன்று அது இல்லாத டெஸ்டை நினைக்க முடியவில்லை. கேப்டன் எப்போது கேட்பார் என்பதே ஆட்டத்தின் ஒரு திறமையாகிவிட்டது.

பத்தாம்நம்பர்

ஐயா, கிரிக்கெட் ஒவ்வொரு பந்துக்கும் தானாகவே நிற்கிறது. கால்பந்து நிற்காது. எதிரணி கவுண்டர் அட்டாக்கில் ஓடும்போது கோச் அட்டையைத் தூக்கினால்? 88-ஆவது நிமிடத்தில் 1-0 முன்னால் இருக்கும் அணி மூச்சு வாங்க 2 வாய்ப்பையும் சும்மா கேட்டால்?

இன்னொன்று. 2009 ஆன்ரி விஷயம் கூடுதல் நேரத்தில் நடந்தது. அயர்லாந்து அதற்குள் 2 வாய்ப்பையும் தோற்றிருந்தால்? கேமரா முழுக்க இருந்தும், “உனக்கு வாய்ப்பு முடிந்துவிட்டது” என்று அந்தக் கோலை நிற்க விடுவீர்களா? அப்போது நீங்கள் எல்லாரும் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

மைதானத்தோரம்

முதல் கேள்விக்குப் பதில் எளிது: ஆட்டம் ஓடும்போது நிறுத்துவதில்லை. இரண்டாவதற்கு, வெறுமனே கேட்டால் வாய்ப்பு போகும், அந்த நேரத்தை இழப்பு நேரத்தில் கூட்டலாம். நானும் ஒரு கோச், அந்த ஆசை எனக்கே வரும் என்று ஒப்புக்கொள்கிறேன். ரெஃப்ரி கண்டிப்பாக இருந்தால் அடங்கும்.

மூன்றாவது கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. நியாயமான கேள்வி தம்பி.

நடுக்கோடு

எனக்கும் அது தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது என் மனதில் வந்திருப்பதைச் சொல்கிறேன், உடையுங்கள்.

கோட்டோரம் பிரித்த மாதிரியே பிரிக்கலாம். கோடு தாண்டியதா, ஆஃப்சைடா, கையில் பட்டதா, பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா, இதெல்லாம் எந்திரம் பார்க்கட்டும், சத்தமில்லாமல், எப்போதும். இதற்கு யாரும் வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம். ஃபவுலா, எவ்வளவு கடுமை, கை இயல்பா என்ற தீர்ப்புக் கேள்விகளுக்கு மட்டும் அணி கேட்கட்டும். ஆன்ரி கோல் அப்போது முதல் வகையில் விழும். கோல் அடிக்கும் நகர்வில் கை பட்டது, சென்சார் சொல்லிவிடும். அயர்லாந்திடம் வாய்ப்பு மிச்சம் இருந்ததா என்ற கேள்வியே வராது.

விசில்

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். இரண்டு ஓட்டை.

ஒன்று, ஆஃப்சைடு முழுக்க அளவு இல்லை. ஆஃப்சைடு இடத்தில் நின்றவர் கீப்பரின் பார்வையை மறைத்தாரா, டிஃபெண்டரை இடைஞ்சல் செய்தாரா என்பது தீர்ப்பு. அது மனிதர் கையில்தான்.

இரண்டு, எந்திரமும் தவறும், அப்போது மனிதர்கள் எந்திரத்தையே நம்பிக்கொண்டு நிற்கிறார்கள். 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் கீப்பர் பந்தோடு கோட்டுக்குள் போனார். கோல் லைன் கருவியின் கேமராக்கள் மறைபட்டதால் ரெஃப்ரி கைக்கடிகாரத்தில் எதுவும் வரவில்லை. விஏஆர் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. 0-0. அந்த வருடம் வில்லா ஒரே ஒரு புள்ளியில் தப்பியது, போர்ன்மவுத் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2018 ஆஸ்திரேலிய ஏ-லீக் இறுதியாட்டத்தில் வேறு மாதிரி. மெல்பர்ன் விக்டரி அடித்த ஒரே கோல் ஆஃப்சைடு. தேவையான கேமராக் காட்சி விஏஆர் அறைக்கு வரவேயில்லை, கோல் நின்றது, கோப்பையும் அவர்களுக்கே போனது.

ஆகவே எந்திரத்துக்கு மேலே ஒரு மனிதர் கண் இருக்க வேண்டும். அவர் வேலையைக் குறைக்கலாம், ஆளை எடுக்க முடியாது.

பழைய ரசிகர்

அந்த மனிதருக்குப் பேச்சும் ஒழுங்காக இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது நல்ல கோல். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடுத்திருந்தார்கள். விஏஆர் அறையில் இருந்தவர் மைதான முடிவே கோல் என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிவிட்டது, விதிப்படி திரும்ப வர வழியில்லை. பிறகு அந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். உண்மை தெரிந்ததும் அறைக்குள் பதறுகிற பதற்றத்தைக் கேட்க எனக்கு மனம் தாங்கவில்லை. அங்கே கருவி எல்லாம் சரியாக வேலை செய்தது. “மைதான முடிவு ஆஃப்சைடு, மாற்றிக் கோல் கொடு” என்று ஒரு முழு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

நடுக்கோடு

ஐயா தொட்ட இடம் எனக்கு முக்கியம். அந்த ஒலியை ஏன் மூன்று நாள் கழித்துக் கேட்க வேண்டும்? ரக்பியில் ரெஃப்ரியும் வீடியோ அதிகாரியும் பேசுவதை வீட்டிலிருந்தே கேட்கிறோம். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் ரெஃப்ரி முடிவை மைக்கில் சொன்னார், அரங்கம் முழுக்கக் கேட்டது. கிளப் உலகக் கோப்பையில் ரெஃப்ரி பார்த்த காட்சியைப் பெரிய திரையிலும் போட்டார்கள். டிவி முன்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரிவது டிக்கெட் வாங்கி வந்தவனுக்குத் தெரியாமல் இருப்பதை நான் பெரிய அநீதியாக நினைக்கிறேன். மூன்று நிமிடம் காத்திருப்பதுகூட அவ்வளவு வலிக்காது. எதற்குக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் நிற்பதுதான் வலி.

பத்தாம்நம்பர்

இது வந்தால் நான் பாதி வழி வருகிறேன். ஆனால் எல்லையை மட்டும் விரிக்காதீர்கள். இரண்டாவது மஞ்சள் அட்டையையும் பார்க்கலாம், கார்னரையும் பார்க்கலாம் என்று பேச்சு வந்துவிட்டது. நாலு விஷயம் என்று சொல்லித்தான் உள்ளே வந்தார்கள். 2018-ல் ஜெர்மனியில் மைன்ஸ், ஃபிரைபுர்க் ஆட்டத்தில் இடைவேளைக்குப் போன ஆட்டக்காரர்களை உடைமாற்றும் அறையிலிருந்து திரும்பக் கூப்பிட்டுப் பெனால்டி அடிக்க வைத்தார்கள். கார்னர் எல்லாம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்?

விசில்

இரண்டாவது மஞ்சள் எனக்குச் சரி, ஓர் ஆள் வெளியேறுகிறார், விளைவு நேரடி சிவப்புக்குச் சமம். கார்னர் வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன் தம்பி. நம் இருவருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

மைதானத்தோரம்

எங்கள் அடுத்த பயிற்சி ஆட்டங்களில் இந்த 2 வாய்ப்பு முறையை முயன்று பார்க்கப் போகிறேன். எதிரணிக் கோச்சும் சம்மதித்துவிட்டார். கையில் இருப்பது ஒரு கேமரா, ஒரு மடிக்கணினி. கோட்டோரம், கேமராவை எங்கே வைப்பது? நடுக்கோட்டில் உயரமாக என்று நினைத்தேன்.

கோட்டோரம்

ஒரே கேமரா என்றால் நடுக்கோட்டில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் வையுங்கள். ஆனால் பெட்டி அருகே நடக்கும் ஆஃப்சைடுக்கு அதை நம்பவே நம்பாதீர்கள். கோணம் சாய்ந்து வரும், பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பது போலத் தெரியும். புல்லில் கோடு ஏதாவது இருந்தால் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நெருக்கமான ஆஃப்சைடுக்கு வாய்ப்பே கிடையாது, கொடிதான் முடிவு என்று இரண்டு அணியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபவுல், ஹேண்ட்பால், பெட்டிக்கு உள்ளே வெளியே, இதற்கெல்லாம் அந்த ஒரு கேமரா போதும்.

விசில்

ரெஃப்ரிக்கு முதலில் இயல்பான வேகத்தில் இரண்டு முறை ஓட்டிக் காட்டுங்கள். பிறகுதான் மெதுவாக. யார் கேட்டார்கள், முடிவு மாறியதா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து இங்கே போடுங்கள். ரெஃப்ரி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிறு காலை எனக்குச் சும்மாதான்.

மைதானத்தோரம்

ஞாயிறு காலைதான் ஆட்டம். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.